ஆறாவது தலைவர்

வடபுலத் தமிழர் கழகத்துக்குப் பெரிய வரலாறு இருக்கிறது என்பது யாழ்ப்பாணத்தில் எல்லோருக்கும் தெரியும். அது எங்கே இருக்கிறது என்பதுதான் ஒருவருக்கும் தெரியாது. பழைய கூட்ட அறிக்கைப் புத்தகங்கள் தொண்ணூற்றைந்தாம் ஆண்டு இடப்பெயர்வில் ஓர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறித் தென்மராட்சிக்குப் போயின. போனவை திரும்பவில்லை. கறையான் தின்றது என்றார் ஒருவர். மழைக்குள் அடுப்பு மூட்ட உதவியது என்றார் இன்னொருவர். இரண்டாவது கதை உண்மையென்றால், கழகத்தின் தீர்மானங்களால் மக்களுக்கு ஒரு நேரத் தேத்தண்ணீராவது கிடைத்திருக்கிறது.

இப்படியிருக்கத்தான் எழுபத்தைந்தாவது ஆண்டு மாநாடு வந்தது. மாநாடென்றால் மலர் வேண்டும். மலரென்றால் ‘கழகத்தின் உத்தியோகத்தர்களும் மாநாட்டுப் பேராளர்களும், 1950 முதல் இன்றுவரை’ என்று ஒரு பட்டியல் வேண்டும். அதற்கு மூன்று பேர் கொண்ட வரலாற்றுக் குழு அமைந்தது. மூன்று பேரும் கதைத்தார்கள். தட்டச்சு செய்தவள் பெர்னடெட்.

பெர்னடெட்டுக்கு அறுபத்துநாலு வயது. குருநகரிலிருந்து நல்லூரிலுள்ள கழகச் செயலகத்துக்கு இருபத்துமூன்று வருடமாக வந்து போகிறாள். கடிதம், கூட்ட அறிக்கை, கண்டன அறிக்கை எல்லாம் அவள் கையால் பாமினி எழுத்துருவில் போனவைதான். கண்டன அறிக்கைகளுக்கு ஒரே கோப்பை வைத்திருந்தாள். திகதியையும் கண்டிக்கப்படுபவரின் பெயரையும் மாற்றினால் போதும்.

வரலாற்றுக்கு ஆதாரம் தேடும் வழியைக் காட்டியவர் குழுச் செயலாளர் வாகீசன். அவர் ரியூட்டரி என்ற தனியார் வகுப்பு நடத்துகிறவர்; எந்தக் கேள்விக்கும் மாதிரி விடை கைவசம் இருக்கும். “கல்வெட்டுகளைச் சேருங்கோ” என்றார். இது கல்லில் வெட்டுகிற சாமான் அல்ல. யாழ்ப்பாணத்தில் ஒருவர் காலமானால் முப்பத்தோராம் நாள் சாப்பாட்டோடு எல்லோர் கையிலும் கொடுக்கிற நினைவுப் புத்தகம். அட்டையில் நிறப்படம், உள்ளே தேவாரம், வம்சாவழி, பேரப்பிள்ளைகளின் புலம்பல், கடைசியில் நன்றி நவிலல். நடுவில் ‘அன்னார் வகித்த பதவிகள்’ என்று ஒரு பக்கம் கட்டாயம் வரும். செத்தவரைப் பற்றிக் குறைத்துச் சொன்ன கல்வெட்டை இதுவரை எந்த அச்சகமும் அடித்ததில்லை.

இரண்டு மாதத்தில் பதினொரு பை கல்வெட்டு சேர்ந்தது. பெர்னடெட் ஒவ்வொன்றாகப் பார்த்து அடித்தாள். 1977ஆம் ஆண்டு மாநாட்டில் கழகத்துக்குப் பதினாலு உபதலைவர்களும் ஒன்பது பொருளாளர்களும் இருந்திருக்கிறார்கள். அறுபத்தோராம் ஆண்டு மாநாட்டில் காரசாரமாக உரையாற்றிய ஒரு பேராளர், அதே கல்வெட்டின் வம்சாவழிப்படி, ஐம்பத்துமூன்றில் பிறந்தவர்.

“தம்பி, இவருக்கு அப்ப எட்டு வயசெல்லோ?”

“அந்த நாளையிலை சின்ன வயசிலையே இனப்பற்று இருந்தது அக்கா. நீங்கள் அடியுங்கோ” என்றார் வாகீசன்.

அடித்தாள். எட்டு வயதுக்காரர் போகட்டும். அவள் கை நின்றது தலைவர்கள் பட்டியலில். முதல் ஐந்து தலைவர்களும் முறையாக வந்தார்கள். அதன் பிறகு ‘1989 – 2002: நெருக்கடிக் காலம். தலைவர் பதவி வெற்றிடம்’ என்று ஒரு வரி. அதற்குக் கீழே ஆறாவது தலைவர், திரு. இராசநாயகம், 2002 முதல் இன்றுவரை.

அந்த வெற்றிடத்தில் இருந்தவர் பெர்னடெட்டின் கணவர் யாகோப்பு.

எண்பத்தொன்பதில் மாநாடு நடத்த யாரும் மண்டபம் தரவில்லை. ஓர் அச்சகத்தின் பின்னறையில் ஒன்பது பேர் கூடினார்கள். (கல்வெட்டுகளின்படி அந்த அறையில் இருந்தோர் நூற்று இருபத்தாறு பேர்.) முன்னைய தலைவர் இறந்துவிட்டார், புதியவரைத் தெரிவு செய்ய வேண்டும். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பதைக் கழகத்தார் மனப்பாடமாக வைத்திருந்தார்கள். ஒருவரை ஒருவர் முன்மொழிந்தார்கள், முன்மொழியப்பட்டவர் கும்பிட்டு மறுத்தார். ஒருவருக்கு நீரிழிவு. இன்னொருவருக்கு மகளின் கலியாணம். மற்றொருவருக்கு ஏழரைச் சனி. வெளியே தலை காட்டினால் ஆபத்தென்று சாத்திரியார் சொன்னாராம். அதைச் சொல்லச் சாத்திரியார் தேவைப்படாத காலம் அது. இளைஞர் இராசநாயகத்துக்கு அடுத்த கிழமை மெட்ராசில் ஓர் அவசர அலுவல்.

இரண்டு மணிக்குத் தொடங்கிய கூட்டம் ஐந்து மணியாகியும் முடியவில்லை. குருநகர்க் கிளையின் பேராளராகக் கதவோரம் இருந்த மீனவர் யாகோப்பு எழும்பினார். “ஒருத்தரும் இல்லையெண்டால் என்ரை பேரை எழுதுங்கோ. எனக்குக் கடலுக்குப் போக நேரமாகுது” என்றார். கழகத்தின் வரலாற்றிலேயே ஒரு தீர்மானம் ஒரு நிமிடத்தில் நிறைவேறியது அன்றைக்குத்தான். எட்டுப் பேரும் கையொப்பம் வைத்துவிட்டு எட்டுத் திசையிலும் போனார்கள்.

“உங்களுக்கென்ன விசரோ?” என்று கேட்டாள் பெர்னடெட்.

“ஒரு கடதாசிதானே. ஆரும் ஒரு ஆள் இருக்கத்தானே வேணும்” என்றார் அவர்.

அடுத்த வருடம் ஒரு பின்னேரம் இரண்டு பேர் சைக்கிளில் வந்தார்கள். “தலைவர் யாகோப்பு ஆர்?” என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள். கதைத்துவிட்டு விடுவதாகச் சொன்னார்கள். யாகோப்பு சட்டையைப் போட்டுக்கொண்டு அவர்களோடு போனார். மகள் லவீனாவுக்கு அப்போது எட்டு மாதம். அவரைத் தலைவர் என்று கூப்பிட்டவர்கள் அதற்கு முன்னும் பின்னும் அந்த இரண்டு பேர் மட்டுமே.

அவர்கள் யார் என்று கேட்க அந்த நாளில் ஊருக்கு வாய் இருக்கவில்லை. பெர்னடெட் கேட்காத இடமில்லை, எங்கும் பதிலில்லை. மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி வந்தவர்களையெல்லாம் வாசலோடு அனுப்பினாள். வருடத்துக்கு ஒருமுறை கோயிலில் பூசைக்குப் பெயர் கொடுப்பாள். ஆன்ம இளைப்பாற்றிக்கு என்று வாசிக்க விடமாட்டாள், சுகமாய்த் திரும்பி வர என்று வாசிக்கச் சொல்லுவாள். குருமார் மாறினார்கள், அவள் மாறவில்லை.

எண்பத்தொன்பதாம் ஆண்டுத் தீர்மானத் தாளை யாகோப்பு பைபிளுக்குள் வைத்திருந்தார். பெர்னடெட் அதைக் கொண்டுபோய்க் குழுவின் முன் வைத்தாள். அவள் கேட்டது ஒரு வரி. படம் வேண்டாம், பாராட்டு வேண்டாம். ஐந்தாவது தலைவருக்குக் கீழே அவருடைய பெயர், அவ்வளவுதான்.

வாகீசன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது கையெழுத்துப் பிரதி அக்கா. அச்சிலை வந்ததைத்தான் ஆதாரமாய் எடுக்கிறதெண்டு குழு தீர்மானிச்சிருக்கு. அண்ணைக்குக் கல்வெட்டு அடிச்சனீங்களோ?”

“முப்பத்தோராம் நாள் எண்ணத் திகதி வேணுமெல்லோ தம்பி. எனக்கு ஆர் திகதி தந்தது?”

தலைவர் இராசநாயகம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தன் கையொப்பத்தைப் பார்த்தார். “என்ரை கையெழுத்துப் போலத்தான் கிடக்கு பிள்ளை. ஆனால் ஞாபகம் இல்லை” என்றார். பிறகு குரலைத் தணித்து, “குருநகர்ப் பக்கத்திலையிருந்து ஒரு தலைவர் இருந்திருந்தால் எங்களுக்குத் தெரியாமல் போயிருக்குமோ?” என்றார்.

அவர் எதைச் சொல்லாமல் சொன்னார் என்பது பெர்னடெட்டுக்கு விளங்கியது. நல்லூரில் நாற்காலி, குருநகரில் மீன் என்பது கழகத்தின் யாப்பில், அதாவது சட்டக்கோவையில், எழுதாத விதி. பதினாலு உபதலைவர்களை மூச்சுவிடாமல் விழுங்கிய குழுவுக்கு ஒரு மீனவர் தொண்டையில் முள்ளாகச் சிக்கினார். தாளை மடித்துக்கொண்டு வந்து எழுபத்தெட்டாம் ஆண்டின் பொருளாளர்களை அடிக்கத் தொடங்கினாள்.

மூன்று கிழமை கழித்து வழக்கு வந்தது. வேட்பாளர் பட்டியலில் இடம் கிடைக்காத ஓர் அணி முன்னொரு தேர்தலில் கொள்கைக்காகப் பிரிந்து போயிருந்தது. பதின்மூன்று வருடம் தலைவரே இல்லாத கட்சி செத்துப் போன கட்சி, ஆகவே கழகத்தின் தேர்தல் சின்னமான சுளகு தங்களுக்கே உரியது என்று அவர்கள் நீதிமன்றம் போனார்கள். ஆதாரமாக மலரின் முற்பிரதியிலிருந்து அந்த ‘வெற்றிடம்’ என்ற வரியையே வெட்டி ஒட்டியிருந்தார்கள். தவளை தன் வாயால் கெட்டது.

கழகத்தின் சட்டத்தரணி சிவதர்ஷன் இளம் ஆள், அரசியலில் அனுபவம் போதாது. கேட்டதற்கு உண்மையைச் சொல்லிவிடுவார். அந்தப் பதின்மூன்று வருடத்துக்கு உடனே ஒரு தலைவர் வேண்டும் என்றார்.

“அந்தக் காலத்திலை பதில் தலைவராய் நான்தானே இருந்தனான்” என்றார் இராசநாயகம்.

“ஐயா அப்ப மெட்ராசிலை. உங்கடை பாஸ்போட் சொல்லுது.”

கல்வெட்டுகளைப் புரட்டினார்கள். ஆறு பேர் அந்தக் காலத்தில் தலைவராக இருந்திருந்தார்கள். அவர்களில் இருவர் அதற்கு முன்பே இறந்தவர்கள், நால்வர் கனடாவில் இருந்தவர்கள். அப்போதுதான் வாகீசனுக்குப் பைபிளுக்குள் இருந்த தாள் நினைவுக்கு வந்தது.

அன்று பின்னேரமே ஒரு கார் குருநகர் ஒழுங்கைக்குள் நுழைந்தது. இராசநாயகம், வாகீசன், சிவதர்ஷன், ஒரு பெட்டி முந்திரிகைப்பழம். இருபத்துமூன்று வருடத்தில் கழகத்தார் அவளுடைய வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தரம்.

“எங்கடை யாகோப்பு இருந்த வீடு” என்று இராசநாயகம் சுவரைத் தடவினார்.

“இப்ப ஞாபகம் வந்திட்டுதோ ஐயா?”

“ஞாபகமெண்டது பிள்ளை, கடவுள் தாறது.”

சிவதர்ஷன் சத்தியக்கடதாசியை எடுத்து வைத்தார். யாகோப்பு எண்பத்தொன்பதில் தலைவராகத் தெரிவானார் என்று முதல் பந்தி. பெர்னடெட்டின் கண் கலங்கியது. கணவருடைய பெயருக்கு முன்னால் ‘கழகத்தின் ஆறாவது தலைவர்’ என்று அச்சில் வந்திருந்தது. இரண்டாம் பந்தியை வாசித்தாள். ‘அவர் பின்வரும் திகதியில் காலமானார் என இத்தால் உறுதிப்படுத்துகிறேன்’ என்று எழுதி, திகதிக்கு இடம் விட்டிருந்தார்கள்.

“இது என்னத்துக்கு?”

சிவதர்ஷன் விளக்கினார். கழகத்தின் யாப்பை எழுதியவர் முதல் தலைவர். சாகும்வரை தன்னை ஒருவரும் அசைக்கக் கூடாதென்று, தலைவர் இறந்தாலோ, எழுத்தில் விலகினாலோ, நீக்கப்பட்டாலோ தவிர இன்னொருவரைத் தெரிவு செய்யலாகாது என்று எழுதி வைத்துவிட்டார். யாகோப்பு விலகவில்லை. அவரை ஒருவரும் நீக்கவில்லை. ஆகவே அவர் இரண்டாயிரத்திரண்டுக்கு முன் இறந்திருந்தால்தான் இராசநாயகம் தலைவரானது செல்லும்.

“இல்லாட்டி?”

“இல்லாட்டி அக்கா… சட்டப்படி பார்த்தால் அண்ணைதான் இன்னும் தலைவர்.”

இராசநாயகம் பிளேன் ரீயை அவசரமாகக் குடித்தார். “ஒரு முழுப் பக்கம் போடுவம் பிள்ளை. நிறப்படத்தோடை. மண்டபத்துக்கும் அவற்றை பேர் வைப்பம்” என்றார்.

பெர்னடெட் பேனையை எடுத்தாள். அந்த வரிக்காக அவள் எவ்வளவு ஏங்கினாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். யாகோப்பு என்றொரு ஆள் இருந்தார், மற்றவர்கள் ஒளித்த நேரத்தில் தன் பேரைக் கொடுத்தார் என்று ஒரு புத்தகமாவது சொல்ல வேண்டும். ஆனால் அந்த வரிக்கு விலையாகத் தன் கையாலேயே அவரைச் சாக்கொல்லச் சொல்லுகிறார்கள். பேனையை மூடி மேசையில் வைத்தாள்.

“கூட்டிக்கொண்டு போனது எனக்குத் தெரியும். செத்தது தெரியாது. தெரியாததுக்குச் சத்தியம் பண்ணுறது கட்சிக்காரரின்ரை வேலை. என்ரை வேலை இல்லை.”

முந்திரிகைப்பழத்தையும் காரில் ஏற்றி அனுப்பினாள்.

ஆனால் சட்டத்தரணிக்கு வழியா இல்லை? யாப்பின் பதினேழாம் பிரிவைக் கண்டுபிடித்தார் சிவதர்ஷன். தொடர்ந்து மூன்று பொதுக்குழுக் கூட்டங்களுக்கு அறிவித்தலின்றிச் சமுகமளிக்காத உத்தியோகத்தர் பதவி இழப்பார். இரண்டாயிரத்திரண்டில் கழகத்தார் திரும்பி வந்து பொதுக்குழுவைக் கூட்டத் தொடங்கிய பிறகு யாகோப்பு ஒரு கூட்டத்துக்கும் வரவில்லை. ஆகவே மூன்றாவது கூட்டத்தோடு பதவி போயிற்று, அதற்கு அடுத்த கூட்டத்திலே இராசநாயகம் தெரிவானார். மாநாட்டில் இதை ஒரு தீர்மானமாக ஏற்றுக்கொண்டால் திங்கட்கிழமை நீதிமன்றத்தில் கொடுத்துவிடலாம்.

கூட்டிக்கொண்டு போகப்பட்டவர், லீவு சொல்லாமல் நின்றதற்காகப் பதவி நீக்கம். குதிரை குப்புறத் தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்தது என்பார்கள். இவர்கள் குழிக்குத் தீர்மானமும் எழுதினார்கள். அந்தத் தீர்மானத்தை அடிக்கச் சொல்லிக் கொடுத்ததும் பெர்னடெட்டிடம்தான். எழுத்துப் பிழை இல்லாமல் அடித்துக் கொடுத்தாள்.

“நீங்கள் நாளைக்கு அங்கை போகாதேங்கோ அம்மா” என்றாள் லவீனா.

“கூட்ட அறிக்கை எழுத ஆள் வேணுமெல்லோ” என்று பெர்னடெட் சீலையை அழுத்தி மடித்து வைத்தாள்.

நல்லூரில் ஒரு கலியாண மண்டபம். இருநூற்றுப் பதினாலு பேராளர்கள். நீரிழிவும் ஏழரைச் சனியும் இல்லாத காலமாகையால் தலைவர் பதவிக்கு ஐந்து பேர் போட்டி. மேடையில் மணப்பெண் இருக்கும் கதிரையில் இராசநாயகம் வீற்றிருந்தார். மேடை ஓரத்தில் சின்ன மேசையில் பெர்னடெட், பக்கத்தில் பொதுக்குழுவின் கூட்ட அறிக்கைக் கோப்புகள். குசினிப் பக்கமிருந்து கத்தரிக்காய்ப் பொரியல் மணம் வந்ததும் தீர்மானங்கள் வேகமெடுத்தன.

ஏழாவது தீர்மானத்தை வாசித்தார் வாகீசன். “…திரு. சூசைப்பிள்ளை யாகோப்பு அவர்கள் தொடர்ந்து மூன்று கூட்டங்களுக்கு அறிவித்தலின்றிச் சமுகமளிக்காமையால், யாப்பின் பதினேழாம் பிரிவுக்கமையப் பதவியிழந்தார் என இம்மாநாடு ஏகமனதாகத் தீர்மானிக்கிறது. ஆதரிப்போர் கையை உயர்த்தவும்.”

கைகள் உயர்ந்தன. யாகோப்பு யார் என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டுக்கொண்டே பலர் உயர்த்தினார்கள்.

பெர்னடெட் எழும்பினாள். “ஐயா, அறிவிக்கேல்லை எண்டு ஆர் சொன்னது?”

மண்டபம் திரும்பிப் பார்த்தது. அவள் முதலாவது கோப்பைத் திறந்து சிவதர்ஷனிடம் நீட்டினாள். “இரண்டாயிரத்திரண்டு, முதலாவது கூட்டம். மூண்டாவது வரியை வாசியுங்கோ தம்பி.”

சிவதர்ஷன் ஒலிவாங்கி முன்னால் நிற்பதை மறந்து வாசித்தார். “சமுகமளிக்க இயலாமைக்கு வருத்தம் தெரிவித்தோர்: திரு. சூ. யாகோப்பு, குருநகர்.”

பக்கத்தைப் புரட்டினார். இரண்டாவது கூட்டம், வருத்தம் தெரிவித்தோர், திரு. சூ. யாகோப்பு. மூன்றாவது கூட்டம், திரு. சூ. யாகோப்பு. அடுத்த கோப்பை எடுத்தார், அதற்கடுத்ததை எடுத்தார். இருபத்துமூன்று வருடம், தொண்ணூற்றொரு கூட்டம், ஒன்று தவறாமல் அதே பெயர். ஒவ்வொரு அறிக்கையின் அடியிலும், சரியென ஏற்றுக்கொள்ளப்பட்டது, முன்மொழிந்தார், வழிமொழிந்தார். முன்மொழிந்தவர்களில் பல இடத்தில் வாகீசன் இருந்தார். அதற்குக் கீழே, எல்லாவற்றிலும், வாசித்துப் பார்க்காமல் வைக்கப்பட்ட இராசநாயகத்தின் அழகான கையொப்பம்.

“அறிவித்தல் இருக்கு ஐயா. தொண்ணூற்றொரு தரம். நீங்களே ஒப்பம் வைச்சு ஏற்றுக்கொண்டிருக்கிறியள். உந்தத் தீர்மானம் நிக்காது. அவர்தான் தலைவர்” என்றார் சிவதர்ஷன்.

முன்வரிசையில் சிலர் கையை இறக்கினார்கள். பின்வரிசையில் இருந்தவர்களுக்கு என்ன நடந்ததென்று விளங்கவில்லை. அவர்களும் ஒருவரைப் பார்த்து ஒருவர் இறக்கினார்கள். இராசநாயகம் கதிரையை விட்டு அரைவாசி எழும்பி நின்றார்.

“உதை ஏன் பிள்ளை எழுதினனீ?”

பெர்னடெட் முதலாவது கோப்பைச் சிவதர்ஷனிடமிருந்து வாங்கி மூடினாள். பிறகு சொன்னாள்:

“வர விருப்பமிருந்தும் வர ஏலாமல் போனவையின்ரை பேரை அந்த வரியிலை எழுதச் சொல்லி, முதல் நாள் நீங்கள்தானே ஐயா எனக்குச் சொல்லித் தந்தனீங்கள்?”